நடை எண்ணும் கடிகாரம்: எந்த எண்ணைக் கேட்பது, எதை அணைப்பது

உடற்பயிற்சிக் கடிகாரம் வாங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதென்றால், அது ஒழுங்காக அளப்பது கொஞ்சம், அடித்துச் சொல்வது நிறைய. அந்தக் கொஞ்சத்துக்காக மட்டும் கட்டிக்கொண்டால் நல்ல பொருள்தான். என் கையில் இருப்பதன் பிராண்டு பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் முக்கால்வாசி மணிக்கட்டில் கட்டும் எந்தக் கருவிக்கும் பொருந்தும். அதை ஒரே ஒரு நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் விளையாட்டு வீராங்கனையும் இல்லை, மருத்துவரும் இல்லை. மருத்துவக் கல்லூரி ஒன்றில் நூலகர். மாணவர்கள் கேட்கும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்துக் கொடுப்பது வேலை, கொடுப்பதற்கு முன் நானும் ஒருமுறை படித்துவிடுவது பழக்கம். ஐம்பதைத் தாண்டிய பிறகு, "பிரஷர் எல்லையில நிக்குது, நடங்க" என்றார் டாக்டர். செய்தி தெரிந்ததும் மகள் இந்தக் கடிகாரத்தை வாங்கி அனுப்பினாள். "அம்மா, தினமும் பத்தாயிரம் அடி. விட்டீங்கன்னா ஆப்ல எனக்குத் தெரிஞ்சிடும்" என்று ஒரு மிரட்டல் வேறு.

சரி, அந்தப் பத்தாயிரத்திலிருந்தே தொடங்கலாம். பெட்டியைப் பிரிக்கும்போதே இலக்கு 10,000 என்று போட்டுத்தான் வருகிறது, ஏதோ மருத்துவர் குழு கூடி முடிவெடுத்த எண் போல. உண்மையில் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியபோது, மறு ஆண்டே யமாசா என்ற நிறுவனம் 'மான்போ-கெய்' ('பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்) என்ற அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவி. பத்தாயிரம் என்ற இலக்கு அதன் கூடவே உலகம் சுற்றியது. ஆய்வுகள் பின்னால்தான் வந்தன.

அப்படி வந்தவற்றில் நான் அதிகம் எடுத்துக் கொடுத்தது ஐ-மின் லீயும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்டது. சராசரி வயது 72 இருக்கும் 16,741 பெண்களின் இடுப்பில் கருவியைக் கட்டி நடையை அளந்து, அதன் பிறகு சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் போனபோது கூடுதல் பலன் தெரியவில்லை. 2022இல் 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 47,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததிலும் கிட்டத்தட்ட இதே படம்தான். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்குள்ளும், அதற்குக் கீழ் உள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிக்குள்ளும் பலன் தட்டையாகிவிடுகிறது. மிக அதிகம் லாபம் அடைகிறவர் நாற்காலியை விட்டு எழாமல் இருந்து, இப்போது கொஞ்சம் நடக்கத் தொடங்கியவர். கடிகாரமோ 4,400 அடியில் நிற்பவரைப் பார்த்து, வளையம் பாதிகூட நிரம்பவில்லையே என்று உதட்டைப் பிதுக்குகிறது. அவர்தான் மிகப் பெரிய படியை ஏறியவர் என்று அதற்குத் தெரியாது.

இந்த ஆய்வுகளைப் படிக்கும்போது ஒரு கேள்வி வராமல் போகாது. நடப்பதால் நன்றாக இருக்கிறார்களா, இல்லை, நன்றாக இருப்பதால் நடக்கிறார்களா? இதற்கு லண்டன் பேருந்துக் கதையைத்தான் மாணவர்களிடம் சொல்வேன். ஜெர்ரி மோரிஸ் என்ற ஆய்வாளர் 1953இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இரட்டை மாடிப் பேருந்துகளில் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு என்பது அதன் சாரம். உடற்பயிற்சி ஆராய்ச்சி என்ற துறையே அங்கிருந்துதான் கிளம்பியது என்று சொன்னாலும் தப்பில்லை. எனக்குப் பிடித்தது அதற்கடுத்த கட்டுரை. மூன்று ஆண்டு கழித்து, சீருடை தைப்பதற்காக எடுத்த அளவுகளை வாங்கிப் பார்த்தார் மோரிஸ். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. இளவயதினரிடமே அந்த வித்தியாசம் இருந்தது. அதாவது, இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே ஒரே மாதிரி இல்லை. தன் கண்டுபிடிப்பையே கொஞ்சம் ஆட்டிப் பார்க்கும் தகவலை அவரே அச்சில் கொண்டுவந்தார். அதோடு விடவும் இல்லை. அலுவலக ஊழியர்களிடம் போய், ஓய்வு நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று மறுபடியும் ஆய்வைத் தொடர்ந்தார். 99 வயது வரை இருந்தார் மனிதர்.

அதனால் 41 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்ததும், 'நான் கூடுதலாக 1,700 அடி நடந்தால் என் ஆபத்து அவ்வளவு குறையும்' என்று கணக்குப் போட வேண்டாம். அது கூட்டத்தைப் பற்றிய எண். திசை சரிதான், தூரம் ஆளுக்கு ஆள் மாறும். நான் இலக்கை 7,000 என்று மாற்றி வைத்திருக்கிறேன். மகளுக்கு ஒரு கட்டுரை அனுப்பியதும் மிரட்டல் நின்றது.

இனி இந்தக் கடிகாரம் அடியை எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். உள்ளே அசைவை உணரும் முடுக்கமானி இருக்கிறது. கை வீசும் தாளத்தை வைத்து அடியை ஊகிக்கிறது. வெறும் கையோடு, ஒரே வேகத்தில், சமதளத்தில் நடந்தால் பிரச்சினையே இல்லை. நூறு அடியை வாயால் எண்ணிக்கொண்டு நடந்தால் நூறை ஒட்டித்தான் காட்டும். ஆனால் என் வேலையில் பாதி நடை புத்தகத் தள்ளுவண்டியோடு. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கி, வண்டியின் கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, அலமாரி அலமாரியாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கை அசையாது. கால் வலிக்கும், ஆனால் கடிகாரத்தில் எண் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இதற்கு நேர்மாறானது புது வரவு நாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே தலைப்புப் பக்கத்தில் ஒரு முத்திரை, உள்ளே ஒரு பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசியில் ஒன்று என்று மைத்திண்டுக்கும் தாளுக்கும் இடையே கை போய் வந்துகொண்டிருக்கும். ஒரு கட்டுப் புத்தகம் முடிவதற்குள் எனக்கு நடைக்கணக்கு ஏறியிருக்கும். ஒருநாள் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோதே கடிகாரம் அதிர்ந்து, வாழ்த்துச் சொல்லி, பட்டாசு வெடித்துக் காட்டியது. பக்கத்தில் இருந்த உதவியாளர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

குழந்தை வண்டி தள்ளுபவர்களுக்கும், ஊன்றுகோல் பிடித்து நடப்பவர்களுக்கும் இதே கதிதான். ஆய்வாளர்களில் பலர் இடுப்பில் கருவியைக் கட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆகவே, இடுப்பில் எடுத்த 7,500ஐயும் மணிக்கட்டில் வந்த 7,500ஐயும் ஒன்றாக நினைக்க வேண்டாம். தள்ளுவண்டி வேலை இருக்கும்போது நான் கடிகாரத்தைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறேன். நாடித்துடிப்பு போய்விடும், அடிக்கணக்கு ஓரளவு திரும்பி வந்துவிடும்.

நாடித்துடிப்பு விஷயத்தில் இந்தக் கருவி என்னை ஆச்சரியப்படுத்தியது, அதுவும் நல்ல விதமாகவே. அடியில் இரண்டு பச்சை விளக்குகள் மின்னுகின்றன. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதை எண்ணினால் நாடி. காலையில் எழுந்தவுடன் அசையாமல் உட்கார்ந்து, கழுத்தில் விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தால், கடிகாரத்தின் எண்ணும் என் எண்ணும் ஒன்றிரண்டுக்கு மேல் விலகியதில்லை. படியேறும்போதுதான் தடுமாற்றம். மூச்சு வாங்கிய பிறகும் கொஞ்ச நேரம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்துவிட்டு, நான் நின்று ஆசுவாசப்படும் நேரத்தில் விறுவிறுவென்று ஏறும். பட்டை தளர்வாக இருந்தால் இன்னும் மோசம். சில சமயம் நடையின் தாளத்தையே நாடி என்று எடுத்துக்கொண்டுவிடுகிறது. வேக நடையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டப் பயிற்சி எடுப்பவர்கள், இடையிடையே வேகம் கூட்டிக் குறைப்பவர்கள், மார்பில் கட்டும் பட்டையை வாங்குவது நல்லது. அது இதயத்தின் மின் அலையையே நேராகப் பிடிக்கிறது, விளக்கு வித்தையெல்லாம் இல்லை.

நாடியோடு சேர்த்து, உழைப்பு லேசா கடுமையா என்று சொல்ல 'மண்டலம்' என்று ஐந்து வண்ணத்தில் ஒன்று காட்டுகிறதே, அதை நான் பார்ப்பதே இல்லை. அந்த வண்ணங்கள் எல்லாம் உங்கள் உச்ச நாடித்துடிப்பிலிருந்து வருபவை. அந்த உச்சமோ, 220இலிருந்து வயதைக் கழித்து வருவது. 1970களின் தொடக்கத்தில் கையில் கிடைத்த சில ஆய்வுகளின் புள்ளிகளை வைத்துக் குத்துமதிப்பாக இழுத்த கோடு அது. 2001இல் தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் நிறைய தரவை வைத்து 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னார்கள். 54 வயதுக்கு முதல் கணக்கில் 166, இரண்டாவதில் 170. நான்குதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் எந்தச் சூத்திரம் போட்டாலும், ஒரே வயதுக்காரர்களிடையே உச்சத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு ஏறி இறங்குவது சாதாரணம். இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடியே அவ்வளவாக ஏறாது. அவர்கள் எவ்வளவு வியர்த்தாலும் கடிகாரம் 'லேசான நடை' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மண்டலத்துக்குப் பதில் எளிய சோதனை ஒன்று: கூட நடப்பவரோடு பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. பேச்சே தடைப்பட்டால் கடுமையானது. இதற்கு பேட்டரி தேவையில்லை.

அப்புறம் கலோரி. இந்த மதிப்புரையில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்தார்கள். நாடித்துடிப்பில் ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் நின்றன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நல்ல கருவிக்கு 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93. என் கடிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை, அதற்குப் பின் எத்தனையோ மாதிரிகள் வந்துவிட்டன என்பதும் உண்மை. ஆனால் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. உடல் எரித்த ஆற்றலை மணிக்கட்டிலிருந்து நேராக அளக்க வழியே இல்லை. உயரம், எடை, வயது, நாடி, கையசைவு எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது. ஊகிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊகித்ததை '300 வாக்கில்' என்று காட்டாமல் 312 என்று ஒற்றை இலக்கம் வரை காட்டுவது எந்த ஊர் நேர்மை? அந்த 312ஐ நம்பி, 'சம்பாதித்துவிட்டோம்' என்று ஒரு கை கூடுதலாகச் சாப்பிடுகிறவர்களை எனக்கே தெரியும்.

எடையைக் குறைக்க வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். ஜாகிசிச் குழு 471 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்டது. எல்லோருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. பாதிப் பேருக்குக் கூடவே அணியும் கருவியும் கொடுத்தார்கள். முடிவில் கருவி இல்லாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ. ஏன் என்று அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதற்காக அடிமானியே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 2007இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பிராவாட்டா குழு, அடிமானி கட்டியவர்களின் நடை ஏறத்தாழ கால் பங்கு கூடியதாகக் கண்டது. அதிலும் ஒரு இலக்கு வைத்துக்கொண்டவர்களுக்கே பலன். நடையைக் கூட்டும், எடையைக் குறைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. விளம்பரத்தில் இரண்டையும் குழைத்துவிடுகிறார்கள்.

'வி.ஓ.2 மேக்ஸ்' என்றும் ஒரு எண் காட்டுகிறது. முழு வீச்சில் உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் அளவு. முக்கியமான எண், சந்தேகமில்லை. ஸ்டீவன் பிளேர் 1989இல் 13,000க்கு மேற்பட்டோரை டிரெட்மில்லில் ஏற்றிப் பார்த்து, தாக்குப்பிடிக்கும் திறன் மிகக் குறைந்த கூட்டத்தில்தான் இறப்பு மிக அதிகம் என்று காட்டியதிலிருந்து மருத்துவர்களும் இதைக் கவனிக்கிறார்கள். ஆனால் அதை முறையாக அளக்க முகமூடி மாட்டி, இனி முடியாது என்னும் வரை ஓடவிட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் பகுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் உடலியங்கியல் துறைப் பேராசிரியரிடம் என் கடிகாரத்தைக் காட்டியபோது, "மாஸ்க்கே போடாம மூச்சை அளக்குதா மேடம்? நாங்க எதுக்கு லேப் வெச்சிருக்கோம்?" என்றார். வேடிக்கைக்காக ஆப்பில் என் பிறந்த ஆண்டைப் பத்து ஆண்டு தள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒரு அடிகூட எடுத்து வைக்காமல் என் திறன் உயர்ந்தது! ஒரே கருவியில் மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஹெரிடேஜ் என்ற ஆய்வில் குடும்பம் குடும்பமாக 20 வாரம் ஒரே மாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு ஆக்சிஜன் அளவு நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஏறியது, சிலருக்கு அசையவே இல்லை. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

தூக்க மதிப்பெண் பற்றி ஒரு வரி போதும்: அசையாமல் படுத்துப் புத்தகம் படித்தால், அதையும் தூக்கம் என்கிறது.

எனக்கு உண்மையான குறை வேறு இடத்தில். இந்தக் கடிகாரம் தொடர்ந்து பத்து நிமிடம் நடந்தால்தான் அதை 'உடற்பயிற்சி' என்று பதிவு செய்கிறது. பத்து நிமிடத் துண்டாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியை உலக சுகாதார நிறுவனம் 2020 வழிகாட்டுதலில் எடுத்தே விட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, எப்படிச் சேர்ந்தாலும் சரி. அதற்குப் பிறகு 2022இல் ஸ்டாமடாகிஸ் குழு ஒன்றைக் காட்டியது. உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,241 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில், ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும்படி ஏதாவது செய்வது ஒரு நாளைக்கு மூன்று முறை இருந்தவர்களுக்கு, அது அறவே இல்லாதவர்களைவிட இறப்பு விகிதம் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவு. மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறுவது, சுமையோடு வேகமாக நடப்பது போன்றவைதான். கூட்டத்தைப் பற்றிய எண் என்ற எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். அந்தத் தகவல் வந்ததே மணிக்கட்டில் கட்டிய முடுக்கமானியிலிருந்து. அதே வகைக் கருவியை உள்ளே வைத்துக்கொண்டு, இரண்டு மாடி ஏறி வந்த என்னை 'இன்று உடற்பயிற்சி இல்லை' என்கிறது இது. வன்பொருள் தயார், மென்பொருள்தான் பின்தங்கி நிற்கிறது.

தசை வலுவுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதைப் பொறுத்தவரை இந்தக் கடிகாரத்துக்குக் கண்ணே இல்லை. பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுதிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டு வந்தால், தோள் பிடித்துக்கொள்ளும், திரையில் ஒன்றும் இருக்காது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதிர்ந்து எழுப்புவது மட்டும் எனக்கு மெய்யாகவே உதவுகிறது. அதை அணைக்காதீர்கள்.

இப்போது என் திரையில் இருப்பவை நேரம், அடிக்கணக்கு, ஓய்வு நாடி. கலோரி, மண்டலம், தூக்க மதிப்பெண், பதக்கங்கள் எல்லாம் அமைப்புகளுக்குள் போய் அணைக்கப்பட்டாயிற்று. தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, மறுத்துவிட்டேன், வேலை கெடவில்லை. அணைத்ததில் இன்னொரு லாபம், சார்ஜ் முன்பைவிடக் கூடுதலாகத் தாங்குகிறது.

நடக்கத் தொடங்க ஒரு தூண்டுதல் தேடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே தினமும் நடப்பவர்களுக்குத் தேவையில்லை. எண்ணைப் பார்த்துப் பதறும் சுபாவம் உள்ளவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஒரு மதிப்பெண் கழித்தது கலோரிக்கு. மீதி அரை, வியர்த்தால் அரிக்கும் அந்த ரப்பர் பட்டைக்கு. துணிப் பட்டை தனியாகக் கிடைக்கிறது, முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.